திரையிசையில் நெய்தற்கரையின் குரல்
(வட்டத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திரைப்படப் பாடல்களில் பல்வகை இசைகள் கலப்பதையும், நடிகரே பாடுவதையும் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தார். தலைப்பு அவருடையது. ஆனால் அதை இந்த மாதத்தில் என்னிடம் அவர் ஏன் தந்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். நம் பத்தாம் ஆண்டு மலரின் கவிதைப் பகுதியில் கானாப் பாடலுக்கு இடம் உண்டா, இல்லையா என்று சென்ற செயற்குழுவில் எழுந்த வழக்கு இன்னும் தீரவில்லை. வெண்பாவும் விருத்தமும் புதுக்கவிதையும் அடுத்தடுத்து அமரும் பக்கத்தில் கானாவை அமர்த்துவதா என்று மூத்த கவிஞர் ஒருவர் கேட்டார். "அதைத்தான் சினிமாக்காரன் எடுத்துக்கொண்டானே, அவனிடமே இருக்கட்டும்" என்று இன்னொருவர் சொன்னார். அவ்விரு பெரியவர்களும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே திரையிசையைப் பற்றிய இவ்வுரை ஒரு வகையில் அவர்களுக்கு நான் அளிக்கும் மறுமொழியும் ஆகும்.

நடிகரே பாடுவது இக்காலத்துப் புதுமை என்று இளைஞர் பலர் எண்ணுகின்றனர். தமிழ்த் திரையின் பிறப்பே பாடும் நடிகையின் பிறப்புதான். அதுவும் நம் வடசென்னையில் நிகழ்ந்தது. 1931 அக்டோபர் 31ஆம் நாள் 'காளிதாஸ்' வெளியான கினிமா சென்ட்ரல் அரங்கு, பின்னாளில் முருகன் டாக்கீஸ் என்று நம் தந்தையர் அறிந்த அதே அரங்கு. பம்பாயிலிருந்து வந்த படப்பெட்டியைச் சென்ட்ரல் நிலையத்திலிருந்து வால்டாக்ஸ் சாலை வழியாக மக்கள் ஊர்வலமாகக் கொண்டுவந்தனர் என்றும், தேங்காய் உடைத்து மலர் தூவினர் என்றும் திரை வரலாற்றாளர் எழுதுவர். சாமி புறப்பாட்டுக்குச் செய்வதை ஒரு தகரப் பெட்டிக்குச் செய்திருக்கிறார்கள்! அந்தப் பெட்டிக்குள் இருந்தவர் டி. பி. ராஜலட்சுமி. அவர் தமிழில் பேசினார், பாடினார். உடன் நடித்தோரில் சிலர் தெலுங்கில் பேசினர். அப்படத்தின் பாடல்களில் தியாகராசரின் கீர்த்தனை உண்டு. மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாட்டு உண்டு. கூடவே குறத்தி நடனமும் காட்டப்பட்டது. கீர்த்தனை, தேசியம், குறத்தி மூன்றும் ஒரே மாலையில்! இசைக் கலப்பு என்று இன்று நாம் வியந்து பேசுவதை, 'கலப்பு' என்ற பெயர்கூட வைக்காமல் அன்றைய மக்கள் கேட்டுவிட்டுப் போயினர்.

அதன் பின்னர் தியாகராஜ பாகவதர் வந்தார், பி. யு. சின்னப்பா வந்தார், கே. பி. சுந்தராம்பாள் வந்தார். 1944இல் வெளியான 'ஹரிதாஸ்' நம் பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளி கண்டது. இடையில், 1938இல் ஏ. வி. மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்' படத்தில் பின்னணிக் குரல் முறை தலைகாட்டியது. ஒருவர் வாயசைக்க மற்றொருவர் பாடும் அந்த முறை வேரூன்றியபோது, தமிழ்த் திரையில் உடல் வேறு, குரல் வேறு ஆயின. நல்ல குரல்கள் நமக்குக் கிடைத்தன; அதை மறுப்பது நன்றி கொன்ற செயல். ஆனால் ஒன்றை இழந்தோம். பாகவதர் பேசிக்கொண்டிருந்து பாட்டுக்குள் நுழையும்போது அங்கே வாசற்படி கிடையாது. அதே தொண்டை, அதே மூச்சு. பின்னணிப் பாடகர் வந்த பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு வாசற்படி முளைத்தது.

அந்த வாசற்படியைத் தாண்டிக் குதித்தவர் ஜே. பி. சந்திரபாபு. தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, சென்னைக்கு வந்த மனிதர். மேலை நாட்டு மலைவாழ் மக்கள் தொண்டையை மடக்கி ஓசையை உடைத்துப் பாடும் 'யோடலிங்' முறையைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். 'சபாஷ் மீனா'வில் (1958) அவர் ஏற்ற இரு வேடங்களில் ஒன்று ரிக்‌ஷாக்காரர். சென்னைத் தமிழை அவர் பேசியது போலத் திரையில் பேசியவர் அரியர். சென்னைத் தமிழ் அந்நாளில் சிரிப்புக்கு மட்டுமே திரையில் அனுமதி பெற்றது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாயகன் செந்தமிழ் பேசுவான். கோமாளி நம் தெருத் தமிழ் பேசுவான். 1990களில் தேவா கானாவின் மெட்டையும் நடையையும் திரைக்குள் பரவலாகக் கொண்டுவந்தார். 'காதல் கோட்டை'யில் (1996) தாமே பாடவும் செய்தார். அதனால் கானாவுக்கு நாடறிந்த முகம் கிடைத்தது. எனினும் அதிலும் கேளிக்கைதான் மேலோங்கி நின்றது.

இனி இன்றைய நடுப்பொருளுக்கு வருகிறேன். 2018 அக்டோபர் 17 அன்று வெளியான, வெற்றிமாறன் இயக்கிய 'வடசென்னை'. இசை சந்தோஷ் நாராயணன். கதையை நீங்கள் அறிவீர்கள். மீனவர் குப்பத்தின் மீது சாலைத் திட்டம் ஒன்று வருகிறது. அதை எதிர்த்து நிற்கும் ராஜனை அவன் வளர்த்த ஆட்களே கொல்கின்றனர். கேரம் ஆட்டக்காரனான அன்பு அந்தப் பழியின் சுழலுக்குள் இழுக்கப்படுகிறான். படத்தின் கொலைகளைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். பாடல்களைப் பற்றி எழுதியது குறைவு.

கவிஞர்களாகிய நாம் முதலில் கவனிக்க வேண்டியவை இரண்டு பாடல்களின் பெயர்கள். ஒன்று 'கார்குழல் கடவையே', எழுதியவர் விவேக். மற்றொன்று 'கோயிந்தம்மாவால'. முன்னதில் கார்குழல் என்பது புலவர் வழக்கு. கடவை என்பது இன்றைய பேச்சில் இல்லாத சொல். பின்னதில் கோவிந்தம்மா என்னும் பெயர் இராயபுரத்துத் தண்ணீர்க் குழாயடியில் எப்படி விளிக்கப்படுமோ அப்படியே நிற்கிறது. வகர மெய் யகரமாய் நெகிழ்ந்திருக்கிறது என்று இலக்கணம் அறிந்தோர் சிரிக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே இசைத்தட்டில் இருக்கின்றன. இரண்டும் காதலைப் பற்றியவை. நம் செயற்குழுவில் ஒரே மலரில் இவை அமரலாகாது என்று சொன்னோமே, அந்த அமர்வு திரையில் நடந்தேறிவிட்டது. எவருக்கும் தீட்டுப் படவில்லை.

முன்னதைப் பாடுவோர் ஸ்ரீராம் பார்த்தசாரதி, பிரதீப் குமார், அனந்து முதலியோர். கருநாடக இசைப் பயிற்சியின் மெருகு அதில் தெரிகிறது. பின்னதைப் பாடுபவர் நாயகன் தனுஷ். இன்னொரு காதற்பாடலைச் சிட் ஸ்ரீராம் பாடுகிறார். கலிபோர்னியாவில் வளர்ந்து, தாயிடம் கருநாடக இசை கற்று, அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடல் முறையில் தோய்ந்த குரல் அவருடையது. ஆக, காசிமேட்டு இளைஞன் ஒருவனுக்கு ஒரே காதலில் மூன்று வகைக் குரல்கள். இது பொருந்துமா?

பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் மூன்றும் சம அளவில் அல்ல. தனுஷின் குரலைத் தனியே எடுத்துக் கேளுங்கள். சுருதி தவறாத குரல்தான். ஆனால் அதில் 'பாடகன்' கிடையாது. பேச்சிலிருந்து அரையடி உயர்ந்து நிற்கிறது, அவ்வளவே. ஈற்றெழுத்தை நீட்ட மாட்டார், சொல்லிவிட்டு விட்டுவிடுவார். 'புதுப்பேட்டை'யில் (2006) அவர் பாடியதிலும் இதே குணம் உண்டு. கானாப் பாடகனின் ஓங்கிய தொண்டை அது அன்று. கானாவைக் கேட்டு வளர்ந்த ஒருவன் வேலை செய்துகொண்டே முணுமுணுக்கும் தொண்டை. அன்பு என்னும் பாத்திரம் பாடகன் இல்லை, கேரம் ஆடுபவன். அதனால் அந்த முணுமுணுப்பு பாத்திரத்துக்கு ஒட்டுகிறது. முன்னே நான் சொன்ன வாசற்படி இங்கே இல்லை.

சிட் ஸ்ரீராம் பாடும்போது வாசற்படி இருக்கிறது; அது தெரிந்தே போட்டது. அன்புவின் வாயில் வர முடியாத, அவனுக்கே சொல் கிடைக்காத உள்மனத்தை வெளியிலிருந்து ஒரு குரல் சொல்கிறது. நாடகத்தில் திரைக்குப் பின்னிருந்து பாடும் பின்பாட்டுக்காரர் செய்த வேலை அது. அவருடைய உச்சரிப்பைக் குறை கூறுவோர் நம் அவையிலும் உண்டு. லகர ளகரங்களை அவர் வழுக்கிச் செல்கிறார் என்பது மெய்தான். ஆனால் லகர ளகரத்துக்காகச் சிட் ஸ்ரீராமைக் கண்டிக்கும் நண்பர்கள், அதே குற்றத்துக்காகக் காசிமேட்டுக்காரரையும் கண்டிக்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். ஒருவர் கடல் கடந்தவர், மற்றவர் கடலிலேயே இருப்பவர். தண்டனை மட்டும் ஒன்று.

இங்கே ஓர் இடைப்பிறவரல். ராஜனின் மனைவி சந்திராவாக வரும் ஆண்ட்ரியா, நாடறிந்த பாடகி. இப்படத்தில் அவருக்குப் பாட்டு இல்லை. பாடத் தெரிந்தவர் பாடாமல் நிற்கும் அந்த அடக்கம், கணவனைக் கொன்றவர்களோடு புன்னகையுடன் வாழும் சந்திராவுக்கு எத்தனை பொருத்தம்! பாடும் நடிகரைப் பற்றிப் பேசும்போது பாடாத நடிகையையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அடுத்து, கானாக்கள். கானா பாலாவும் டோலக் ஜெகனும் இப்படத்தில் பாடியிருக்கிறார்கள். சிறைவாழ்வைப் பற்றிய கானாவும் இசைத்தட்டில் உண்டு. 'ஜெயில் கானா' என்பது நம் பகுதியில் நெடுநாளாக உள்ள வகை. சென்ட்ரல் நிலையத்தின் அருகே 1837 முதல் 2006 வரை இயங்கிய மத்திய சிறை இன்று இல்லை. கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டனர், கட்டடம் இடிக்கப்பட்டது. அச்சிறையின் சுவர்களைப் பாட்டில் மட்டும் இன்னும் இடிக்கவில்லை.

கானாவின் இசைக் கருவிகள் எளியவை. டோலக், சட்டி, ஆர்மோனியம். எதுவும் இல்லாவிட்டால் கைதட்டும் மேசைப் பலகையும். அதை மின்கிதாரோடும் கணினி ஒலியோடும் சேர்க்கும்போது இசையமைப்பாளர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். கருவிகளின் வெள்ளத்தில் சட்டியை மூழ்கடிக்கலாம். அல்லது சட்டியின் தாளத்தைத் தரையாக வைத்து மற்றவற்றை அதன்மேல் நிறுத்தலாம். 'வடசென்னை'யில் சந்தோஷ் நாராயணன் பெரும்பாலும் இரண்டாவதைச் செய்திருக்கிறார். கானாப் பாடகரின் குரலைச் சீவிச் சிங்காரிக்கவில்லை. மூச்சு வாங்குவது கேட்கிறது; சொல் தொண்டையில் உரசுவது கேட்கிறது. திரையிசையில் இது சிறிய செய்தி அன்று.

ஆயினும் திரை எதைத் தர முடியாது என்பதை உணர 'மெட்ராஸ்' (2014) படத்துக்குப் போக வேண்டும். பா. இரஞ்சித் இயக்கம், இசை இவரே. அப்படத்திலும் கபிலனின் சொற்களும், முதன்முதலாகத் திரைக்கு எழுத வந்த உமா தேவியின் சொற்களும் கானாவோடு அடுத்தடுத்து அமர்ந்துள்ளன. அதில் வரும் இறப்பு வீட்டுக் கானாவை எழுதிப் பாடியவர் கானா பாலா. அப்பாடலில் அவரே திரையிலும் தோன்றுகிறார். இங்கே நடிகர் பாடகராகவில்லை, பாடகர் நடிகரானார். அதைவிடச் சரியாகச் சொன்னால், அவர் நடிக்கவே இல்லை. தம் வழக்கமான வேலையைச் செய்தார். கேமரா அங்கே இருந்தது.

மரண கானாவை நேரில் கேட்டோர் இங்கே பலர் இருக்கிறீர்கள். பிணம் கிடத்தப்பட்ட இரவிலோ, பதினாறாம் நாளிலோ, ஆண்டு நினைவிலோ தெருவில் பந்தல் போட்டுப் பாடுவார்கள். இறந்தவரின் பெயர், தாய் தந்தை பெயர், மனைவி மக்கள் பெயர், செய்த தொழில், கூடித் திரிந்த நண்பர்கள் எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பாடகரிடம் தருவார்கள். அவர் அந்தப் பெயர்களைப் பாட்டுக்குள் பொருத்துவார். அடியின் ஈற்றில் ஓரெழுத்தை நீட்டுவார். உடனிருப்போர் அந்த அடியைத் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் அவர் அடுத்த அடியைக் கட்டிவிடுவார். நாம் அடி முதலில் எதுகை தேடும் மரபில் வந்தவர்கள். அவர்களுக்கு ஈற்றில் வரும் இயைபே உயிர். ஏனெனில் கூட்டம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஈற்றெழுத்தை. இலக்கணம் காரணமின்றிப் பிறப்பதில்லை.

இப்போது புறநானூற்றை நினைத்துப் பாருங்கள். தலைவன் இறந்தபின் அவன் பெயரையும், குடியையும், கொடையையும், அவனோடு உண்டு மகிழ்ந்த நாள்களையும் சொல்லிச் சொல்லி ஆற்றாமையில் பாடும் துறைக்குக் கையறுநிலை என்று பெயர். பாரி மறைந்தபின் கபிலர் பாடியதைப் பாடம் சொல்லும்போது நாம் கண் கலங்குகிறோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கி மாண்ட ஒருவனுக்கு அவன் தெருவில் விடியவிடியப் பாடுவது வேறென்ன துறை? குறுநில மன்னனுக்குப் பாடினால் கையறுநிலை, கூலிக்காரனுக்குப் பாடினால் கூச்சல் என்று தொல்காப்பியம் எங்கும் சொல்லவில்லை.

திரை தர முடியாதது எது என்று கேட்டேனே, அதுதான் இது. திரையில் இறந்தவன் கற்பனை மனிதன், துண்டுச் சீட்டு இல்லை, பெயர்கள் இல்லை. இரவு முழுதும் நீள வேண்டியது நான்கைந்து நிமிடத்தில் முடிகிறது. 'மெட்ராஸ்' பாடல் உருக்கமானது, ஐயமில்லை. ஆனால் அது மரண கானாவின் நிழற்படம். "சினிமாக்காரனிடமே இருக்கட்டும்" என்று சொன்ன பெரியவருக்கு என் முதல் மறுமொழி இதுவே: ஐயா, அவர்களிடம் இருப்பது நிழற்படம். ஆள் இன்னும் நம் தெருவில்தான் இருக்கிறார்.

திரையின் மேல் எனக்கு வேறொரு குறையும் உண்டு. வடசென்னை என்றவுடன் படத்தில் கானா ஒலிக்கிறது. கானா ஒலித்தவுடன் அரிவாள் வருகிறது. கொண்டாட்டம், கொலை, சாவு. இவை மூன்றுக்கும் இடையே இப்பகுதி மக்கள் வேலைக்கும் போனார்கள்! திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் செய்தவர்கள், எண்ணூரில் லேலண்டு லாரி செய்தவர்கள், விம்கோவில் தீக்குச்சி அடுக்கியவர்கள், 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல் மின் நிலையத்தின் சாம்பலைச் சுவாசித்தவர்கள். இவர்களுக்கான பாட்டு எந்த இசைத்தட்டில் இருக்கிறது? நம் வட்டத்தின் உறுப்பினரில் பாதிப்பேர் ஆலைச் சங்கு கேட்டுக் கவிதை நோட்டை மூடியவர்கள். அந்தச் சங்கின் ஓசையை எந்த இசையமைப்பாளரும் இன்னும் சுருதியாக வைக்கவில்லை. 'சார்பட்டா பரம்பரை'யின் (2021) நாயகன் துறைமுகக் கூலித் தொழிலாளி. அவனுக்குக் கபிலன் என்று பெயரிட்டார்கள். கையறுநிலைக்கு இடம் இருக்குமோ என்று நான் எதிர்பார்த்தேன், இல்லை. மூட்டை தூக்குவது படத்தில் காட்சியாகவே நிற்கிறது, பாட்டாகவில்லை.

அப்படத்தின் இசையில் இரு செய்திகள் சொல்லத்தக்கவை. ஈழத்திலிருந்து கனடாவுக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால், நவ்ஸ்-47 ஆகிய இருவரும் அதில் தமிழும் ஆங்கிலமும் கலந்து 'ராப்' பாடுகிறார்கள். 1970களின் நெருக்கடி நிலைக் காலக் கதைக்கு அந்த ஓசை காலவழு அல்லவா என்று கேட்டால், ஆம், காலவழுதான். ஆனால் கறுப்பின மக்களின் குத்துச்சண்டையும் அவர்களின் இசையும் உலகெங்கும் ஒடுக்கப்பட்டோர்க்கு ஊக்கம் தந்த வரலாறு உண்டு. நம் சார்பட்டா வாத்தியார்களின் வீட்டுச் சுவரில் முகமது அலி படம் தொங்கியதை நாம் பார்க்காதவர்களா? அந்தப் படத்துக்கு ஐம்பதாண்டு கழித்து ஒலி சேர்த்திருக்கிறார்கள் என்று கொள்கிறேன்.

மற்றது, இசைவாணி. நம் இராயபுரத்துப் பெண். கானா முத்துவோடு சேர்ந்து அப்படத்தின் கொண்டாட்டப் பாடலைப் பாடியவர். கானா ஆண்களின் கோட்டை. மேடையிலும் பந்தலிலும் ஆண்களே. வீட்டுக்குள் ஒப்பாரி பெண்ணுக்கு, தெருவில் கானா ஆணுக்கு என்று சாவைக்கூடப் பங்கு பிரித்திருந்தோம். அதை மீறி மேடையேறியவர் இவர். பா. இரஞ்சித்தின் முயற்சியில், இசையமைப்பாளர் தென்மா ஒருங்கிணைக்க, 2018 சனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் அவர் பாடினார். கானா, ராப், ராக் மூன்றும் கலந்த குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் 'சாதியற்ற தமிழர்' என்று எழுதியதிலிருந்து அதன் பெயர் பிறந்தது. 2020இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணி இடம் பெற்றார். நம் வட்டத்தின் அழைப்பிதழ் எதிலும் இன்னும் அவர் பெயர் இடம் பெறவில்லை.

கானாவின் மீது சாட்டப்படும் குற்றங்களில் உண்மையானவையும் உண்டு. குடியையும் கத்தியையும் மெச்சும் கானாக்கள் உள்ளன. பெண்ணை இழிவு செய்பவை உள்ளன. கேட்கக் கூசுபவை உள்ளன. அவற்றை நான் இங்கே காக்க வரவில்லை. தனிப்பாடல் திரட்டிலும் காதல் நூல்களிலும் நாம் சில பக்கங்களைத் தள்ளிப் புரட்டுவதில்லையா? தள்ளுவோம். ஆனால் பக்கத்தைத் தள்ளுவது வேறு, நூலை எரிப்பது வேறு.

மூத்த கவிஞரின் வினாவுக்கு வருகிறேன். எந்தப் பாட்டு எந்த இடத்தில் அமரலாம் என்ற வழக்கு நம் மண்ணுக்குப் புதிதன்று. ஏழுகிணற்றில் வாழ்ந்து, நாள்தோறும் திருவொற்றியூர்க்கு நடந்து வந்து பாடினார் வள்ளலார். தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுத்து 1867இல் அப்பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரோடு வெளிவந்தபோது, அப்பெயரை அவற்றுக்கு வழங்கலாகாது என்று ஆறுமுக நாவலர் எதிர்த்தார். அருட்பாவா மருட்பாவா என்னும் போர் நீதிமன்றம் வரை சென்றது. நாவலர் கற்றறிந்த பெருந்தகை. தமிழுக்கு அவர் செய்த தொண்டு பெரிது. அவர் எதிர்த்த அப்பாடல்களைத்தான் இன்று தியாகராசசுவாமி கோயிலில் கண்மூடிப் பாடுகிறோம். அவ்வள்ளலார் கும்மியும் கண்ணியும் எழுதத் தயங்கியவர் அல்லர்.

அக்கோயிலின் திரிபுரசுந்தரி மீது தியாகராச சுவாமிகள் ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். அவற்றுள் ஒன்று பேகடை இராகம். அதே பேகடையை 2017 சனவரியில் எண்ணூர்க் கழிமுகத்தில் கேட்டோம். சாம்பலும் சேறும் படிந்த நிலத்தில் நின்று டி. எம். கிருஷ்ணா புறம்போக்கைப் பற்றிப் பாடினார். கபேர் வாசுகி எழுதியது சென்னைத் தமிழில், ஆர். கே. ஸ்ரீராம்குமார் அதை ஆனந்தபைரவி, பேகடை, தேவகாந்தாரி முதலிய இராகங்களின் மாலையாக்கினார். திரைப்படம் அன்று, ஒரு காணொளிப் பாடல். ஆனால் இன்றைய தலைப்புக்கு இதைவிட நெருங்கியது வேறில்லை. திரை கானாவைக் கிதாருக்கு அழைத்துச் சென்றது. இங்கே கச்சேரி இராகம் தானே நடந்து நம் கழிமுகத்துக்கு வந்து, நம் தெருத் தமிழைக் கடன் கேட்டது. சபாவில் அமர்ந்திருந்த பலருக்குப் 'பொறம்போக்கு' என்ற சொல் வசையாகவே தெரிந்திருந்தது. ஊர்ப் பொதுநிலம் என்னும் அதன் முதற்பொருளை அவர்கள் ஓர் இராகத்தின் வழியே கற்றார்கள். அந்தச் சொல்லோடு பிறந்து வளர்ந்த நாம் அதை நம் மலரில் அச்சிடத் தயங்குகிறோம்.

ஆகவே செயற்குழுவின் முன் என் வேண்டுகோளை வைக்கிறேன். மலரின் கவிதைப் பகுதியில் எட்டுப் பக்கங்களைக் கானாவுக்கு ஒதுக்குங்கள். பின்னிணைப்பாக வேண்டாம், 'நாட்டுப்புறவியல்' என்று தனித் தலைப்பிட்டு ஒதுக்கவும் வேண்டாம். அகர வரிசையில் கவிஞர்களின் பெயர்களுக்கு நடுவே பாடகரின் பெயரும் வரட்டும். மரண கானா ஒன்றாவது இருக்கட்டும். யாருக்காகப் பாடப்பட்டதோ அக்குடும்பத்தின் இசைவைப் பெற்று, இறந்தவர் பெயரை நீக்காமல் வெளியிடுவோம். வெளியீட்டு விழாவில் பாடகரைக் கூட்டம் கலையும் நேரத்தில் அழைக்காமல் கவியரங்கத்துக்குள்ளேயே அழைப்போம். மற்றக் கவிஞர்க்குத் தரும் அதே பொன்னாடை, அதே வழிச்செலவு. கவியரங்கத் தலைமையை மூத்த கவிஞர் ஏற்க வேண்டும் என்பது என் விருப்பம். அவர் முன்னிலையில் அந்தச் சட்டி ஒலிக்க வேண்டும்.

பாடல்களைக் கேட்டு எழுதும் பணியை இரண்டு இளைய உறுப்பினர்கள் ஏற்க முன்வந்துள்ளனர். கோயிந்தம்மா கோயிந்தம்மாவாகவே இருக்க வேண்டும். மெய்ப்புத் திருத்துவோர் வகரத்தைச் சேர்த்துவிடாமல் இருக்க, அச்சகத்தில் நானே ஒரு நாள் உட்கார்ந்துகொள்கிறேன்.